மனைக்கு மேடு, வயலுக்கு வெள்ளமா?

கார்த்திகை மழை இரண்டு நாள் விடாமல் பெய்தது. சம்பா நெல் தொண்டைக்கதிரில் நிற்கும் நேரம். எங்கள் ஏரிக்குக் கீழே உள்ள பள்ளக்கால் வயல்களில் தண்ணீர் ஏறுவது புதிதல்ல. மழை விட்ட மூன்றாம் நாள் வரப்பு தெரியும். நான்காம் நாள் மிச்சத்தை வெட்டி விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போவோம். அந்த வருடம் ஏழாம் நாளும் வரப்பு தெரியவில்லை. எட்டாம் நாள் தெரிந்தபோது தோகை அழுகி, வெளிவந்த கதிரில் பாதி பதராக இருந்தது.

மழை கூடிவிட்டதா என்று கேட்டால், இல்லை. அதைவிடப் பெரிய மழையை அந்த வயல்கள் பார்த்திருக்கின்றன. மாறியது வேறொன்று. அதற்கு முந்தைய கோடையில் வயல்களுக்குக் கிழக்கே, ஓடைப் பக்கம், பல வருடம் தரிசாகக் கிடந்த பத்து ஏக்கர் மனைப்பிரிவாகியிருந்தது. டிப்பர் லாரிகளில் கிராவல் வந்து இறங்கி, நிலம் மூன்றடி உயர்ந்தது. நடுவே தார்ச்சாலை, அதற்கு அடியில் இரண்டு சிமெண்ட் குழாய். எங்கள் வயல் முழங்கால் ஆழத்தில் கிடந்த அந்த வாரம் முழுவதும் மனைகளில் ஒரு குடம் தண்ணீர்கூட நிற்கவில்லை.

ஆயக்கட்டுதாரர்கள் பத்துப் பேர் மனு எடுத்துக்கொண்டு அலுவலகம் போனோம். "எல்லா அனுமதியும் முறைப்படி வாங்கியிருக்கிறார்கள்" என்றார்கள். அது உண்மைதான். தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்டு வாங்கிப் படித்தேன். வெள்ள பாதிப்பு குறித்த தடையின்மைச் சான்று இருந்தது. தண்ணீர் தேங்காதபடி மனையை இன்ன மட்டத்துக்கு உயர்த்த வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அதன்படியே உயர்த்தியிருந்தார்கள். அதாவது, எங்கள் வயலை மூழ்கடித்த அந்த மூன்றடி மேடு விதியை மீறி வந்ததல்ல, விதிப்படி வந்தது.

அந்தக் காகிதங்களைப் புரட்டியபோது ஒன்று உறைத்தது. 'இந்த மனையில் தண்ணீர் நிற்குமா?' என்ற கேள்விக்கு அதில் விடை இருக்கிறது. 'இதுவரை இங்கே நின்ற தண்ணீர் இனி எங்கே நிற்கும்?' என்ற கேள்வி அதில் எங்கேயும் இல்லை. அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதும் அனுமதி கொடுப்பவரின் அன்றாட வேலையாக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பத்து ஏக்கரை மூன்றடி உயர்த்தினால் 30 ஏக்கர்-அடி இடம் மண்ணால் நிரம்புகிறது. ஏக்கருக்கு 43,560 சதுர அடி. ஆக மொத்தம் 13 லட்சத்து 6 ஆயிரத்து 800 கன அடி. லிட்டரில் சொன்னால் சுமார் 3 கோடியே 70 லட்சம். வெள்ளக் காலத்தில் அந்தப் பத்து ஏக்கரில் மூன்றடி தண்ணீர் வந்து நின்று மெதுவாக வடிந்தது என்றால், இனிமேல் அத்தனை தண்ணீருக்கும் வேறு இடம் வேண்டும். சுற்றியுள்ள 60 ஏக்கர் வயலில் அது பரவினால், ஏற்கெனவே நிற்கிற தண்ணீரோடு இன்னும் அரை அடி ஏறும்.

நெல்லுக்கு அந்த அரை அடி பெரிய விஷயம். தோகை நுனி வெளியே தெரிந்தால் பயிர் மூச்சு விடும், அதுவும் மூழ்கினால் அழுகும். சி.ஆர். 1009 சப் 1 போன்ற வெள்ளம் தாங்கும் ரகங்கள் இருக்கின்றனவே என்று சிலர் சொல்வார்கள். அவை இளம்பயிராக இருக்கும்போது இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் மீளும். பூக்கும் தருணத்தில் மூழ்கினால் அவையும் தப்புவதில்லை. தண்ணீர் போகிற வழியை அடைத்துவிட்டு ரகத்தை மாற்றச் சொல்வது, வீட்டுக் கூரையைப் பிரித்துவிட்டுக் குடை வாங்கச் சொல்வது போல.

இன்னொரு கெடுதலும் உண்டு. இடம் குறைவதோடு வடியும் வேகமும் குறைகிறது. முன்பு நூறு கஜ அகலத்துக்குப் பரவி ஓடையில் இறங்கிய தண்ணீர், இப்போது இரண்டு குழாய் வழியாக இறங்க வேண்டும். அந்தக் குழாயில் ஒரு வாழை மட்டையோ பிளாஸ்டிக் சாக்கோ அடைத்துக்கொண்டால், கடப்பாரை எடுத்துக்கொண்டு ராத்திரியில் போக வேண்டியவரும் விவசாயிதான்.

அமெரிக்கச் சிற்றூரில் ஓர் அலுவலர்

இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதற்கென்றே உலகில் எங்காவது ஒரு வேலை இருக்கிறதா என்று தேடினேன். அமெரிக்காவில் இருக்கிறது. வெள்ளச் சமவெளி நிர்வாகி என்று அவரைச் சொல்லலாம். வெள்ளச் சமவெளி என்றால் ஆறு கரை மீறும்போது பரவும் நிலம். நம் ஊர் வழக்கில் படுகை, பள்ளக்கால் என்று சொல்வோம்.

அந்த நாட்டில் 1968-ல் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டச் சட்டம் வந்தது. அரசு வெள்ளக் காப்பீடு தரும். பதிலுக்கு, ஊர் நிர்வாகம் தன் எல்லைக்குள் வெள்ளம் பரவும் இடங்களில் நடக்கும் கட்டுமானங்களை ஒழுங்குபடுத்த வேண்டும். சேருவதும் சேராததும் ஊரின் விருப்பம். 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களும் மாவட்டங்களும் சேர்ந்திருக்கின்றன. இதற்காக ஒவ்வொரு ஊரும் ஓர் அலுவலரைப் பொறுப்பாக்குகிறது. பெரிய நகரமென்றால் தனிப் பொறியாளர் இருப்பார். சிறிய ஊர்களில் பெரும்பாலும் கட்டட ஆய்வாளரோ ஊர் எழுத்தரோ மற்ற வேலைகளோடு இதையும் சேர்த்துப் பார்ப்பார்.

அவருடைய நாள் எப்படிப் போகும்? ஒருவர் வந்து வீடு கட்ட அனுமதி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை, வெள்ள வரைபடத்தை விரித்து அந்த இடம் எங்கே விழுகிறது என்று பார்ப்பது. எந்த ஒரு வருடத்திலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம் எதுவரை வரும் என்பது அதில் குறித்திருக்கும். இதைத்தான் நூறாண்டு வெள்ளம் என்கிறார்கள். பேரைக் கேட்டு நூறு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று நினைத்துவிடக் கூடாது. 30 வருட வீட்டுக் கடன் கட்டி முடிப்பதற்குள் அந்த வெள்ளம் வர நூற்றுக்கு 26 வாய்ப்பு, அதாவது கிட்டத்தட்ட நாலில் ஒன்று.

அடுத்து, வீட்டின் தரைமட்டம் அந்த வெள்ள மட்டத்துக்குக் கீழே போகாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார். கட்டிக்கொண்டிருக்கும்போதே போய்ப் பார்க்கிறார். உரிமம் பெற்ற நில அளவையாளர் அளந்து கொடுத்த உயரச் சான்றைக் கோப்பில் வைக்கிறார். பல வருடம் கழித்து வீடு கைமாறினாலும் அந்தக் கோப்பைப் பார்த்துத் தரைமட்டத்தைத் தெரிந்துகொள்ளலாம். ஒரு வெள்ளம் வந்து போனால் வீடு வீடாகப் போய்ச் சேதத்தைக் கணக்கெடுக்கிறார். பழுதுபார்க்கும் செலவு கட்டடத்தின் மதிப்பில் பாதியையோ அதற்கு மேலோ தொட்டால், பழையபடியே கட்டிக்கொள்ள முடியாது. புது வீட்டுக்குள்ள விதி அதற்கும் வந்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் முதல் கேள்விதான்: மனை நனையுமா? நம்மைப் போன்றவர்களுக்கு வேண்டியது இதற்குப் பிறகு வருகிறது.

அந்த வரைபடத்தில் ஆற்றையும் அதை ஒட்டிய ஒரு பட்டையையும் தனியாகக் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். அது வெள்ளம் ஓடும் வழி. அதற்குள் யாராவது மண் கொட்டவோ கட்டவோ விரும்பினால், அதனால் வெள்ள மட்டம் கொஞ்சமும் உயராது என்று பொறியாளர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். கொஞ்சம் என்றால் இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் அல்ல, சைபர். அந்தக் கணக்கு வராமல் நிர்வாகி அனுமதி கொடுக்க முடியாது.

அனுமதி தேவைப்படுவது வீட்டுக்கு மட்டுமல்ல. மண் கொட்டுவது, மண் எடுப்பது, நிலத்தைச் சமன் செய்வது, தளம் போடுவது, துளையிடுவது, பொருட்களைக் குவித்து வைப்பது என எல்லாமே அந்த விதியில் 'மேம்பாடு' என்ற கணக்கில் வரும். ஓடையைத் திருப்பினால் முன்கூட்டியே பக்கத்து ஊர் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். திருப்பிய ஓடை பழைய அளவு தண்ணீரைத் தாங்குகிறதா என்பதையும் உறுதி செய்ய வேண்டும். வழக்கமான உழவுக்கும் விதைப்புக்கும் பெரும்பாலும் யாரும் அனுமதி கேட்பதில்லை. ஆனால் அங்குள்ள விவசாயி தன் வயலைக் காப்பாற்ற ஆற்றோரம் கரை எழுப்பினால், எதிர்க்கரை விவசாயிக்கு என்ன ஆகும் என்று நிர்வாகி கேட்பார்.

இந்த அலுவலருக்கு 'முடியாது' என்று சொல்லும் தெம்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அனுமதி கேட்டு வருபவர் அதே ஊர்க்காரர், கடைத்தெருவில் தினமும் எதிர்ப்படுபவர். ஊர் நிர்வாகம் கண்டும் காணாமல் இருந்தால், அந்த ஊரையே காப்பீட்டுத் திட்டத்திலிருந்து நிறுத்திவைக்க முடியும். ஒருவருக்காக விதியை வளைத்தால் ஊரிலுள்ள எல்லோருக்கும் நஷ்டம். விதிக்கு மேலே போய் நல்ல ஏற்பாடு செய்த ஊர்களுக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் 5 முதல் 45 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. ஆகவே அவர் மறுக்கும்போது ஊர் அவர் பின்னால் நிற்கிறது.

அங்கேயும் ஓட்டை உண்டு

எல்லாம் அங்கே சரியாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. வெள்ளம் ஓடும் வழிக்கு வெளியே, தண்ணீர் பரவி நிற்கும் ஓரப் பகுதியில் மண் கொட்டி உயர்த்த அந்த நாட்டின் அடிப்படை விதி இடம் கொடுக்கிறது. எல்லோரும் அப்படி உயர்த்திக்கொண்டே போனால் வெள்ள மட்டம் மொத்தத்தில் ஓர் அடி வரை ஏறலாம் என்று ஒப்புக்கொண்டுதான் அந்தக் கோட்டையே போட்டிருக்கிறார்கள். இது போதாது என்று சில ஊர்கள் தாமாகவே இன்னொரு விதி வைத்துக்கொண்டன: எத்தனை கன அடி மண் கொட்டுகிறாயோ, அத்தனை கன அடி அருகிலேயே தோண்டிவிடு.

வரைபடங்களும் பழசாகிவிடுகின்றன. 2017-ல் ஹார்வி புயல் வந்தபோது ஹூஸ்டன் பகுதியில் வரைபடக் கோட்டுக்கு வெளியே இருந்த ஏராளமான வீடுகளும் மூழ்கின. அதற்குப் பிறகு அந்த நகரம் விதியை இறுக்கியது. ஆண்டுக்கு ஐநூறில் ஒரு பங்கு வாய்ப்புள்ள பெருவெள்ளத்தின் மட்டத்துக்கும் இரண்டடி மேலே புதிய வீடுகளின் தரைமட்டம் இருக்க வேண்டும் என்று 2018-ல் கொண்டுவந்தார்கள்.

ஆகவே அப்படியே எடுத்து இங்கே ஒட்ட வேண்டும் என்பது என் வாதமல்ல. பெயர் சொல்லி, பொறுப்புச் சொல்லி, ஓர் ஆளை நிறுத்தி, அடுத்தவர் நிலத்துக்கு என்ன ஆகும் என்று கேட்க வைத்தார்களே, அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நம்மிடம் என்ன இருக்கிறது?

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்பதும் சரியல்ல. ஏரி, ஆறு, வாய்க்கால் அருகே மனைப்பிரிவு போட விரும்புபவர் நீர்வளத் துறையிடம் வெள்ள பாதிப்பு குறித்த சான்று வாங்க வேண்டியிருக்கிறது. பொறியாளர் தளத்தைப் பார்த்து அறிக்கை எழுதுகிறார். மனையை எவ்வளவு உயர்த்துவது, வாய்க்காலை எப்படி விடுவது, மழைநீர் வடிகால் எங்கே அமைப்பது என்றெல்லாம் நிபந்தனை எழுதப்படுகிறது. ஏரிகளைக் காக்க 2007-ல் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் வந்தது.

இந்தச் சட்டம் காப்பது ஏரிப் புறம்போக்கை. வெள்ளம் புறம்போக்கு எல்லையோடு நின்றுவிடுவதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணி பெருகியபோதும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்து தென்பெண்ணை பெருகியபோதும், தண்ணீர் பட்டா நிலம், நத்தம் என்று பார்த்து நிற்கவில்லை. ஆற்றுக்கு வருடத்தில் சில நாள் மட்டும் தேவைப்படும் அந்தப் பட்டா நிலங்களைப் பற்றித்தான் நம் விதிகள் அதிகம் பேசுவதில்லை.

இதைத் தெரியாமலும் இல்லை. வெள்ளச் சமவெளிகளை வகைப்படுத்தி ஒழுங்குபடுத்த மாதிரிச் சட்ட வரைவு ஒன்றை 1975-லேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர் 1978-லும், ராஜஸ்தான் 1990-லும், உத்தராகண்ட் 2012-லும் சட்டமாக்கின. அரை நூற்றாண்டில் சட்டமாக்கிய மாநிலங்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

அதைவிடப் பழைய சட்டம் ஒன்று நம் பக்கம் இருப்பது பலருக்குத் தெரியாது. 1882-ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 7-வது பிரிவைப் பாருங்கள். மேட்டு நிலத்தில் இயற்கையாக ஊறும் நீரும், பெய்யும் மழைநீரும் பக்கத்துத் தாழ்ந்த நிலத்தின் வழியே இயல்பாக வடிந்து போக, அந்தத் தாழ்ந்த நிலத்தின் உரிமையாளர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது மேட்டு நிலத்துக்காரரின் உரிமை என்று அது உதாரணமாகவே சொல்கிறது. தாழ்ந்த நிலத்தை வாங்கி மூன்றடி உயர்த்திவிட்டால் இந்த உரிமை என்ன ஆகிறது? மனைப்பிரிவுக் கோப்பைப் பார்ப்பவர் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா?

நம் மீதும் கேள்வி உண்டு

இந்த இடத்தில் நம்மையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். வடிகால் கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி வயலோடு சேர்த்தவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். ஆறடி வாய்க்கால் இரண்டடியானதற்கு எல்லா ஊரிலும் மனை போட்டவர் மட்டும் காரணமல்ல. பக்கத்து வயலுக்கு வடியாமல் வரப்பை உயர்த்துகிறவரும் அதே தப்பைச் சின்ன அளவில் செய்கிறார்.

"என் நிலத்தை நான் விற்கக் கூடாதா?" என்ற கேள்வியும் நியாயமானதே. மகள் கல்யாணத்துக்கோ வைத்தியச் செலவுக்கோ விற்கிறவரைத் தடுக்க எனக்கு மனம் வராது. பள்ளக்கால் நிலத்தில் கட்டக் கூடாது என்று விதி வந்தால் விலை குறையும், அந்த நஷ்டம் விவசாயி தலையில்தான் விழும். அதனால்தான் ஒரேயடியாகத் தடை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. விற்கலாம், வாங்கியவர் கட்டலாம். ஆனால் அந்த நிலம் இத்தனை நாள் தாங்கிய தண்ணீருக்கு வழியும் இடமும் விட்டுத்தான் கட்ட வேண்டும். பாதைப் பாத்தியம் கிரயத்தோடு போவது போல, நீர்வழிப் பாத்தியமும் நிலத்தோடு போகட்டும்.

வெள்ள வரைபடம் நம் கையிலேயே இருக்கிறது

அமெரிக்க அலுவலர் விரிக்கும் வரைபடம் நம்மிடம் எல்லா ஊருக்கும் இல்லையே என்று கேட்கலாம். அதைவிட நெருக்கமான ஒன்று நம் வட்டார அலுவலகங்களில் இருக்கிறது.

வெள்ளம் வந்து பயிர் அழிந்தால் வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து கணக்கெடுக்கின்றன. கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் வயல் வயலாக வருகிறார்கள். 33 சதவீதத்துக்கு மேல் சேதமான சர்வே எண்கள் பட்டியலாகின்றன. 2022-ல் வகுத்த மத்திய அரசின் பேரிடர் நிவாரண விதிப்படி பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17 ஆயிரம் ரூபாய், ஏக்கருக்கு ஏழாயிரத்துக்கும் கொஞ்சம் குறைவு. பணம் கொடுத்து முடித்ததும் அந்தப் பட்டியல் கட்டாகக் கட்டப்பட்டுப் பரணுக்குப் போகிறது.

பத்து வருடப் பட்டியலை ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். எந்த சர்வே எண்ணில் அடிக்கடி தண்ணீர் நிற்கிறது என்பதை அரசு அலுவலர்களே நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்ட வெள்ள வரைபடம் அது. பொதுப் பணத்தில் நிவாரணம் கொடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மண் கொட்ட அனுமதி கொடுத்தால், அடுத்த வருட நிவாரணச் செலவும் அரசுக்குத்தான் கூடும். அனுமதிக் கோப்பையும் பயிர்ச் சேதப் பட்டியலையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஒருவர் வேண்டும்.

ஆகவே நான் கேட்பது நான்கு.

முதலாவது, ஆற்றோர, ஏரிக்கீழ் மனைப்பிரிவு விண்ணப்பம் எதுவானாலும், அந்த சர்வே எண்ணும் சுற்றியுள்ள சர்வே எண்களும் முந்தைய வெள்ளச் சேதப் பட்டியல்களில் உள்ளனவா என்று பார்த்துக் கோப்பில் எழுத வேண்டும்.

இரண்டாவது, பள்ளக்கால் நிலத்தில் எவ்வளவு மண் கொட்டப்படுகிறதோ, அதே அளவுக்கு மனை எல்லைக்குள்ளேயே குட்டையோ அகலமான வடிகாலோ வெட்ட வேண்டும். குழாய்க்குப் பதில், பழைய நீரோட்டத்தின் அகலத்துக்குப் பொருந்திய பாலம் வேண்டும்.

மூன்றாவது, முடிவெடுக்கும் முன் மேல்மடை, கடைமடை ஆயக்கட்டுதாரர்களுக்கு அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபம் கேட்க வேண்டும். அறிவிப்பு ஊராட்சிப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.

நான்காவது, ஒன்றியத்துக்கு ஓர் அலுவலர் இதற்குப் பொறுப்பாக இருக்க வேண்டும். மண் கொட்டும்போது ஒருமுறை, முதல் பருவமழையில் ஒருமுறை அவர் தளத்துக்கு வந்து பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்க முடிய வேண்டும். புதுப் பதவி உருவாக்கக்கூட வேண்டாம். இருக்கிற ஒருவருக்கு உத்தரவாக எழுதிக் கொடுத்தால் போதும்.

விதி வரும்வரை நாம் செய்யக்கூடியது

உத்தரவு வரட்டும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. மண் கொட்டிய பிறகு அதை அள்ள வைப்பது மிகவும் கடினம். எங்கள் ஊரில் நாங்கள் தாமதமாகத்தான் விழித்தோம். நீங்கள் முன்பே விழித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் நிற்கும்போதே அடையாளம் வையுங்கள். மோட்டார் கொட்டகைச் சுவரிலோ வரப்புக் கல்லிலோ தண்ணீர் ஏறிய மட்டத்தில் பெயிண்டால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து சர்வே எண்ணோடு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாள் நின்றது என்பதையும் எழுதுங்கள். 'அப்போதும் மூழ்கியது, இப்போதும் மூழ்குகிறது' என்று யாராவது சொன்னால், அதற்குப் பதில் சொல்லும் ஒரே சாட்சி இந்தக் கோடுதான்.

புலப்பட நகலும் அ-பதிவேட்டு நகலும் வாங்கி, உங்கள் வயலிலிருந்து ஓடை வரை தண்ணீர் போகும் வழியில் எது வாய்க்கால் புறம்போக்கு, எது பட்டா என்று குறித்து வையுங்கள். பதிவேட்டில் இல்லாத, ஆனால் மழைக்காலத்தில் தண்ணீர் ஓடுகிற தாழ்வான பாதை எது என்பதையும் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுக் குறியுங்கள்.

ஓடையோரத்தில் அளவுக் கல் நடுகிறார்கள் என்றால் அன்றே விசாரியுங்கள். ஊராட்சிக்கும், நீர்வளத் துறைப் பொறியாளருக்கும், நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் படங்களோடு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வருடத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலக தண்ணீர் தினம். கோடையில் மண் லாரிகள் வரும் முன் தீர்மானம் போட அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

வேளாண் விரிவாக்க அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சேதக் கணக்கெடுக்க வரும்போது பயிரை மட்டும் பார்க்காமல், தண்ணீர் ஏன் வடியவில்லை என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். 'கிழக்கே மனைப்பிரிவுச் சாலை, இரண்டு குழாய் மட்டும்' என்று எழுதினால் போதும். நாளைக்குக் கோப்பைப் பார்க்கும் பொறியாளருக்கு அந்த ஒரு வரி கண் திறக்கும்.

எங்கள் ஊரில் அந்தப் பத்து ஏக்கருக்கு வடக்கே இன்னொரு எட்டு ஏக்கர் தரிசாகக் கிடக்கிறது. போன மாதம் நாலு பேர் காரில் வந்து இறங்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இந்த முறை எங்களிடம் மூன்று வருடத் தண்ணீர்க் கோடும், தேதி போட்ட படங்களும், சர்வே எண் பட்டியலும் இருக்கின்றன. மண் லாரி வரும் முன்பே அலுவலகத்துக்குப் போகப்போகிறோம். மனையில் தண்ணீர் நிற்குமா என்று அவர்கள் கேட்கட்டும். எட்டு ஏக்கர் தண்ணீரை எங்கே அனுப்பப் போகிறீர்கள் என்று நாங்கள் கேட்போம்.